ஒரு சொட்டு எண்ணெயின் வரலாறு

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தால் கவலைப்படாதீர்கள். சொட்டுவது நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள். எம்.ஜி., டிரையம்ஃப், ஜாகுவார், ஆஸ்டின்-ஹீலி என்று பெயரை மட்டும் மாற்றி, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கார்களை நேசித்தவர்கள்தான் இதை அதிகம் சொன்னார்கள் என்பது வேடிக்கை.

எல்லா நகைச்சுவைகளையும் போல இதற்குள்ளும் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் வேலை ஒழுங்காக நடக்கவில்லை, கோவென்ட்ரியிலும் ஆபிங்டனிலும் போல்ட்டை முடுக்கியவர்கள் அசட்டையாக முடுக்கினார்கள், அதனால்தான் எண்ணெய் ஒழுகியது, அதனால்தான் அந்தத் தொழிலே அழிந்தது என்பது அந்தத் தீர்ப்பு. 1970களின் வேலைநிறுத்தச் செய்திகள் அதற்கு வலுச் சேர்த்தன. இன்று முப்பது, ஐம்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, மறுநாள் காலையில் அதன் அடியில் கரிய வட்டம் ஒன்றைக் காண்பவரும் முதலில் அந்தத் தீர்ப்பைத்தான் நினைத்துக்கொள்கிறார். ஆனால் எண்ணெய் எந்த வழியாக வெளியே வருகிறது, அந்த வழியை யார் எப்போது எதற்காகத் திறந்துவைத்தார்கள் என்று தேடிப்போனால் கதை வேறாக இருக்கிறது. அந்தக் கசிவில் பெரும்பகுதி அசட்டையால் நேர்ந்ததே அல்ல. வரைபட மேசையில் தெரிந்தே அனுமதிக்கப்பட்டது. பிறகு உலகம் மாறியது. வரைபடம் மாறவில்லை.

*

எஞ்சினுக்குள் எண்ணெய்க்கு முதன்மையான வேலை ஒன்றுதான்: உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவில் நிற்பது. பம்ப் அதை அழுத்தி அனுப்புகிறது. அது பேரிங்குகளில் புகுந்து, ஓரங்களில் வழிந்து, மழைபோலச் சிதறிக் கீழே உள்ள சம்ப்பில் விழுந்து, மறுபடி மேலே போகிறது. எஞ்சின் நாற்புறமும் மூடிய பெட்டியாக இருந்தால் இதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் எரிந்த எரிபொருளின் சக்தி வெளியே வந்தாக வேண்டும். அதற்காக கிராங்க் ஷாஃப்ட் என்னும் கனத்த எஃகுத் தண்டின் பின்முனை, பெட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஃபிளைவீலையும் கிளட்சையும் தேடி வெளியே நீள்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தண்டைச் சுற்றி ஒரு துளை. எண்ணெய் வெளியே வராமலும் தண்டு சுழல்வது தடைபடாமலும் அந்தத் துளையை அடைப்பது எப்படி? கசிவின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளின் வரலாறுதான்.

கேள்வி காரைவிடப் பழையது. 1795இல் லண்டனில் ஜோசஃப் பிராமா தமது நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மகத்தான அழுத்தத்தைத் தரக்கூடிய இயந்திரம். ஆனால் அழுத்தம் ஏறிய உடனே பிஸ்டனின் ஓரமாக நீர் பீய்ச்சி அடித்தது. இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் நகரவில்லை. தளர்த்தினால் நீர் நிற்கவில்லை. பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லி இதற்குக் கண்ட தீர்வு, கிண்ணம்போல வளைத்த தோல் வளையம் என்பது பொறியியல் வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. நீர் அழுத்தம் ஏற ஏற, அந்த நீரே தோலின் விளிம்பை பிஸ்டன்மேல் இன்னும் இறுக அழுத்தியது. தப்பிக்கப் பார்க்கும் திரவத்தையே தனக்குக் காவலாக நிறுத்திய யோசனை அது. எளிமையான யோசனைகளுக்கே உரிய அழகு கொண்டது.

ஆனால் மாட்ஸ்லியின் பிஸ்டன் மெதுவாக ஏறி இறங்குவது. கார் எஞ்சினின் தண்டோ சுழல்வது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்டின் பின்முனை 75 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு வினாடிக்கு ஏறத்தாழ 23.5 மீட்டர், அதாவது மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் விரையும் சூடான எஃகின்மேல் ஒரு தோல் விளிம்பை இடைவிடாமல் உரசவிட்டால் அது சீக்கிரமே கருகிப்போகும். சாதாரண எஞ்சின்களே இதற்கு அஞ்சின என்றால், வேகத்துக்காகவே பிறந்த ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் எவ்வளவு அஞ்ச வேண்டும்?

*

பிரிட்டிஷ் பொறியாளர்களின் விடை உரசலையே ஒழித்துவிடுவதாக இருந்தது. தண்டின் பின்முனையில் ஒரு மரையை வெட்டினார்கள். திருகாணியில் இருக்கும் அதே மரைதான். ஆனால் தண்டு சுழலும் திசைக்கு ஏற்ப, எண்ணெயை உட்புறமாகத் தள்ளும்படி வெட்டப்பட்டது. அதைச் சுற்றி ஓர் உலோகக் கூடு, இரண்டுக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி. வெளியே வரப்பார்க்கும் எண்ணெயை மரை அள்ளி அள்ளி உள்ளே திருப்பி அனுப்பும். ஆர்க்கிமிடீஸின் நீரேற்றும் திருகு செய்யும் வேலைதான். நாம் இதை எதிர்மரை என்று அழைத்துக்கொள்ளலாம்.

இதன் நற்குணங்களை நியாயமாகப் பட்டியலிட வேண்டும். எதுவும் எதையும் தொடுவதில்லை, ஆகவே தேய்வதில்லை. சூடாவதில்லை. சக்தி வீணாவதில்லை. வாங்கி மாற்ற வேண்டிய உதிரிபாகம் என்று எதுவுமே இல்லை. எஞ்சின் உள்ளவரை அதுவும் இருக்கும். ஒரே ஒரு குறை: தண்டு சுழலும்போது மட்டுமே அது வேலை செய்யும். எஞ்சின் நின்ற பிறகு மரை வெறும் பள்ளம். அதில் தங்கிய எண்ணெய் சாவகாசமாக வெளியே வழிந்து, கிளட்ச் கூட்டின் அடித்துளை வழியே தரையில் சொட்டும். ஓடும்போது காப்பாற்றி, நிற்கும்போது கைவிடும் ஏற்பாடு. இதை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். கிளட்ச் கூட்டின் அடியில் எண்ணெய் வடிவதற்கென்றே துளை வைத்தவர்கள் அவர்கள்தானே.

1953இல் வந்த டிரையம்ஃப் டிஆர்2 இதற்குச் சரியான உதாரணம். அதன் 1991 சி.சி. எஞ்சின், ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் என்ற குடும்பக் காரின் எஞ்சினிலிருந்து வந்தது. அதே எஞ்சின் குடும்பம்தான் கோவென்ட்ரியின் பேனர் லேனில் தயாரான ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. டிராக்டர் உழவு நிலத்தில் நான்கு சொட்டு சிந்தினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? 1950களின் குடும்பக் காருக்கும் இதே தர்க்கம்தான். அன்றைய உரிமையாளர் வாரம்தோறும் அளவுக்குச்சியை உருவிப் பார்த்து எண்ணெய் ஊற்றினார். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை எஞ்சின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டினார். எண்ணெய் ஊற்றுவது அவருக்குப் பராமரிப்பின் பகுதி. பழுதின் அடையாளம் அன்று. செய்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருந்தது: இவ்வளவு இழப்பை நாம் இருவரும் பொறுத்துக்கொள்வோம்.

ஆஸ்டின் 1951இல் அறிமுகப்படுத்திய ஏ-சீரிஸ் எஞ்சினில், அதாவது பின்னாளில் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கும் எம்.ஜி. மிட்ஜெட்டுக்கும் போன எஞ்சினில், எதிர்மரைதான். 1962இல் வந்த எம்ஜிபியின் முதல் எஞ்சினிலும் அதேதான். ஜாகுவார் தன் 4.2 லிட்டர் எஞ்சினில் கிராஃபைட் தோய்ந்த கல்நார்க் கயிற்றைத் தண்டைச் சுற்றி அமர்த்தியது. கப்பல்களின் நீராவி இயந்திரங்களில் பல தலைமுறை கண்ட உத்தி அது. மூடிகளின் இணைப்புகளிலோ கார்க்கும் காகிதமும். கார்க் பேக்கிங் புதிதாக இருக்கும்போது நன்றாகவே அடைக்கும். சூட்டில் காய்ந்து சுருங்கியதும் கசியும். கசிகிறதே என்று போல்ட்டை இன்னும் முடுக்கினால் தகர மூடி வளைந்து இன்னும் கசியும். பழைய காரில் காணும் கசிவுகளில் எத்தனையோ இப்படிக் கசிவை நிறுத்த முயன்றவர்கள் உண்டாக்கியவை.

*

நம்மவர்களுக்கும் இந்தக் குடும்பத்தோடு ஓர் உறவு உண்டு. சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம், கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் கூட்டோடு முதலில் வேன்கார்டையும், 1961 முதல் 948 சி.சி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் தயாரித்தது. இங்கே மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஓட்டிச்சென்ற அந்த அடக்கமான கார், இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட். அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே எஞ்சினைப் பெரிதாக்கி, மேலே அழகான திறந்த உடலைப் பொருத்தி 1962இல் விற்பனைக்கு வந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். உலகம் ஸ்போர்ட்ஸ் கார் என்று கொண்டாடியதன் எலும்புக்கூடு பெருங்களத்தூர்க் காரின் எலும்புக்கூடேதான். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் மலிவான விலைக்கு இது முக்கியக் காரணம்: வேகத்துக்கென்று தனியாக வடிவமைக்கப்பட்ட எஞ்சினல்ல அதில் இருந்தது, அரைப் பழசான குடும்பக் கார் எஞ்சின். குடும்பக் காரின் பொறுமையான கசிவும் கூடவே வந்தது.

*

கசிவுக்குத் துளை மட்டும் போதாது. தள்ளிவிடும் அழுத்தமும் வேண்டும். எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே நுழைந்துவிடுகிறது. ரிங்குகள் தேயத் தேய இது கூடும். அந்த வாயு எஞ்சினின் வயிற்றில் தேங்கினால் அழுத்தம் ஏறி, ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் எண்ணெயை வெளியே தள்ளும். இதற்காகப் பழைய எஞ்சின்களில் கீழ்நோக்கி ஒரு குழாய் வைத்திருந்தார்கள். கார் ஓடும்போது அடியில் விரையும் காற்று, அந்தக் குழாயின் வாயிலிருந்து வாயுவை உறிஞ்சி இழுக்கும். கார் நின்றால் உறிஞ்சலும் நின்றுவிடும். இங்கும் அதே கதைதான்: ஓடும்போது காக்கும், நிற்கும்போது கைவிடும்.

இதை மாற்றியது ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் புகார் அன்று, லாஸ் ஏஞ்சலிஸின் காற்று. அந்நகரின் புகைமூட்டத்துக்கு வாகனங்களே பெருங்காரணம் என்பதை 1950களில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் நிறுவினார். வெளியேற்றுக் குழாயை மட்டுமல்லாமல் எஞ்சின் வயிற்றிலிருந்து வெளியேறும் ஆவியையும் கவனிக்கத் தொடங்கினார்கள். 1961ஆம் ஆண்டு மாடல் முதல் கலிஃபோர்னியாவில் விற்பனையான புதிய அமெரிக்கக் கார்களில், அந்த ஆவியை வெளியே விடாமல் எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும் வால்வு இடம்பெற்றது. சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவியது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. 1964 தொடக்கத்தில் எம்ஜிபியும் மூடிய சுவாச முறைக்கு மாறியது. இதில் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. உறிஞ்சும் வால்வு எஞ்சினின் வயிற்றைச் சற்றே வெற்றிட நிலையில் வைத்திருக்கிறது. முன்பு உள்ளிருந்து வெளியே தள்ளிய இடுக்குகள் இப்போது வெளியிலிருந்து உள்ளே காற்றை இழுத்தன. காற்றைச் சுத்தப்படுத்த வந்த சட்டம் தரையையும் ஓரளவு சுத்தப்படுத்தியது.

*

தோலுக்கு மாற்றான பொருளும் இதற்குள் முதிர்ந்திருந்தது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கியது ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம். 1929இல் அது வால்டர் சிம்மர் என்ற பொறியாளரின் வடிவமைப்பில், உலோக வளையத்துக்குள் தோல் உதடு பொருத்திய சீலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1930களின் நடுவில் தோலின் இடத்தை எண்ணெயில் ஊறிப் பருக்காத செயற்கை ரப்பர் பிடித்தது. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிக் குழைந்துவிடும் என்பதால் இந்த வேதியியல் இல்லாமல் இன்றைய சீல் சாத்தியமே இல்லை. நம்மூர் மெக்கானிக் கடையில் 'ஆயில் சீல்' என்று கேட்டால் தரப்படும் கறுப்பு வளையம் இதன் வாரிசுதான்.

இந்த ரப்பர் உதடு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. அது தண்டை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைத்துவிடுகிறது என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி வறண்ட உதடு உரசினால் சில நிமிடங்களில் கருகிவிடும். உண்மையில் உதட்டுக்கும் எஃகுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு சாய்வாகவும் இருப்பதால், சுழற்சியில் ரப்பரின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒருதலையாகச் சாய்ந்து, நழுவிவரும் எண்ணெயை மறுபடி உள்ளே தள்ளுகின்றன. அதாவது, நல்ல சீல் என்பது கசியாத சீல் அல்ல. கசிந்ததை உடனுக்குடன் திருப்பி அனுப்பும் சீல். எதிர்மரை கண்ணுக்குத் தெரியும் அளவில் செய்ததை இது கண்ணுக்குத் தெரியாத அளவில் செய்கிறது. கூடுதலாக, தண்டு நின்ற பிறகும் உதடு தண்டை அணைத்தபடி காவல் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் ஒரு தொழிலின் நற்பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

எம்ஜிபி இதை உணர்ந்தது. 1964 அக்டோபரில் ஐந்து பேரிங்குகளோடு வந்த அதன் புதிய எஞ்சினில் எதிர்மரை போய் ரப்பர் சீல் வந்தது. அதே குழுமத்தின் தம்பியான மிட்ஜெட்டில், ஏ-சீரிஸ் எஞ்சின் இருந்த கடைசி நாள்வரை, அதாவது 1974வரை, எதிர்மரை நீடித்தது. ஒரே நிறுவனம், ஒரே ஆபிங்டன் தொழிற்சாலை, ஒரே தொழிலாளிகள். ஒரு கார் ஒரு விதம், மற்றது மற்றொரு விதம். தொழிலாளியின் அசட்டைதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே அளவில் ஒழுகியிருக்க வேண்டும். ஒழுகலைத் தீர்மானித்தது தண்டின் முனையை மறுபடி வடிவமைப்பதற்குச் செலவிட முன்வந்தார்களா என்பதுதான். பத்தாண்டு இடைவெளியில் தெரிந்த மருந்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டது நிர்வாகம். பழி மட்டும் போல்ட்டை முடுக்கியவன்மேல் விழுந்தது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபிகள் உருவான பின், 1980 அக்டோபரில் ஆபிங்டன் மூடப்பட்டது. அங்கே வேலை இழந்தவர்களைத் தொடர்ந்து வந்தது அந்தப் பழைய நகைச்சுவை.

*

ஜப்பானில் இந்தக் கதையின் இன்னொரு பாதி நடந்தது. 1979இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் பாப் ஹால், மஸ்டாவின் பொறியியல் தலைமைகளில் ஒருவரான கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் பாணியில் எளிய திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்யலாமே என்றார். யமமோட்டோ யார் என்பதை அறிந்தால் இந்தச் சந்திப்பு மேலும் பொருள்படும். 1960களில் மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் குழுவை வழிநடத்தியவர் அவர். அந்த எஞ்சினின் முக்கோணச் சுழலியின் முனைகளில் உள்ள சீல்கள், உட்சுவரில் நகக்கீறல் போன்ற தழும்புகளை உண்டாக்கித் திட்டத்தையே கவிழ்க்கப் பார்த்தன. அந்தச் சீலோடு பல ஆண்டுகள் போராடி வென்ற பின்தான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. இடுக்குகளின் துன்பம் அறிந்த மனிதர்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மஸ்டா எம்எக்ஸ்-5 வந்தது. லோட்டஸ் எலானின் சாயல், ஆனால் தரையில் சொட்டில்லை. 2016க்குள் பத்து லட்சம் கார்கள். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கனவை ஒழுகாமல் செய்துகாட்டிய கார் என்று அதைப் புகழ்ந்தார்கள்.

இன்று அந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5கள் முப்பது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றில் பலவும் கசிகின்றன. பிரபலமான ஓர் இடம் உண்டு: எஞ்சின் தலையின் பின்கோடியில், ஓட்டுநர் பக்கச் சுவரை ஒட்டி மறைவாக, கேம் ஷாஃப்ட்டின் நிலையை அளக்கும் சென்சார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சிறிய ஓ-ரிங். ஓ-ரிங்கின் வரலாறும் சிறியதன்று. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், எழுபது வயதைக் கடந்து 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு அது. இருபது முப்பது ஆண்டுச் சூட்டில் அந்த ரிங் பிளாஸ்டிக்போல இறுகிவிடுகிறது. எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியாக வழிந்து, கிளட்ச் கூட்டின் அடியில் வந்து சொட்டுகிறது. பார்ப்பவர் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி, கியர் பெட்டியை இறக்கச் சொல்கிறார். சில ரூபாய் பெறும் வளையத்துக்காகப் பல நாள் வேலை. குற்றவாளி மாடியில் இருக்கக் கீழ்வீட்டுக்காரர் தண்டிக்கப்படுகிறார்.

*

பழைய கார் வாங்கியவர் கசிவை அணுக வேண்டிய முறையை இந்த வரலாறே சொல்லித்தருகிறது. முதலில் கழுவ வேண்டும். வருடக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்த கரும்பூச்சு எல்லாத் தடயங்களையும் மறைத்துவிடும். கழுவிக் காயவைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி, பிறகு விளக்கைப் பிடித்து ஈரத்தின் மிக உயரமான புள்ளியைத் தேட வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும் காரில் காற்று அதைப் பின்நோக்கித் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்துக்கு மேலேயும் முன்னேயும்தான் ஊற்றுக்கண் இருக்கும்.

அடுத்து, சுவாசம். உறிஞ்சும் குழாயும் வால்வும் அடைத்திருந்தால் நேற்று போட்ட புதிய சீலும் இன்று கசியும். இதைப் பார்க்காமல் சீலை மாற்றுவது, கொதிக்கும் பானையின் மூடியை மட்டும் மாற்றுவது போன்றது. பிறகு எளிய இடங்கள்: வால்வு மூடியின் பேக்கிங், எம்ஜிபியில் எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள டாப்பட் மூடிகள், சம்ப் போல்ட்டின் செப்பு வாஷர். இவை எல்லாவற்றையும் தீர்த்த பின்னும் கிளட்ச் கூட்டில் எண்ணெய் வந்தால் மட்டுமே பின்சீலைச் சந்தேகிக்க வேண்டும். எம்ஜிபியில் அதைத் தொட எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். எனவே கிளட்ச் மாற்றும் நாள்வரை காத்திருந்து, இரண்டையும் சேர்த்துச் செய்வது பழகிய கைகளின் வழக்கம். அப்போது தண்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இங்கே வெறும் பழமொழி அல்ல. மென்மையான ரப்பர் உதடு, தன்னுள் பதிந்த தூசியின் துணையோடு, கடினமான எஃகில் வட்டமான பள்ளம் ஒன்றை உழுதிருக்கும். புதிய சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் பயனில்லை. அதைச் சற்று உள்ளேயோ வெளியேயோ தள்ளி அமர்த்த வேண்டும், அல்லது தண்டுக்கு மெல்லிய எஃகுச் சட்டை ஒன்று போட வேண்டும். டிஆர் கார்களில் எதிர்மரையை நீக்கி ரப்பர் சீல் பொருத்தும் மாற்றுச் சாமான்களும் விற்கப்படுகின்றன. ஆனால் பேரிங் தேய்ந்து தண்டு தாழ்ந்திருந்தால் இரண்டுமே தோற்கும்.

கசிவை நிறுத்தும் என்று சொல்லிப் புட்டியில் விற்கப்படும் திரவங்கள் சுருங்கிய ரப்பரை ஊறவைத்துச் சில காலம் உப்பவைக்கும். கார்க்குக்கும் எதிர்மரைக்கும் அவற்றால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்றும் உண்டு: நீண்ட காலம் ஓடாமல் நிற்கும் காரில் சீலின் உதடு வறண்டு இறுகும். மூடிப் போர்த்தி வைத்த கார், அடிக்கடி ஓட்டிய காரைவிட அதிகம் ஒழுகுவதில் வியப்பில்லை.

எல்லாக் கசிவையும் நிறுத்த வேண்டுமா? கிளட்ச் பிளேட்டை நனைத்து வழுக்கவைக்கும் கசிவு, சுடும் வெளியேற்றுக் குழாய்மேல் விழும் கசிவு, பிரேக்கையும் டயரையும் எட்டும் கசிவு ஆகியவற்றில் பேச்சுக்கே இடமில்லை. மற்றவற்றில் கணக்குப் பார்க்கலாம். ஒரு சொட்டு 0.05 மில்லி என்று கொண்டால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு நாளுக்கு 72 மில்லி, ஆண்டுக்கு 26 லிட்டர். கவனிக்காமல் விட்டால் ஓர் எஞ்சினைக் கொல்லவும், தெருவோரச் சாக்கடை வழியே ஒரு குளத்தைக் கெடுக்கவும் போதுமான அளவு. 1950களின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இருவர் மட்டுமே: செய்தவர், வாங்கியவர். அந்த எண்ணெய் போய்ச்சேர்ந்த மண்ணையும் நீரையும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்வதென்றால் இதற்காகத்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் அந்த மூன்றாம் தரப்பைக் கவனித்தபோது விசித்திரம் ஒன்று நிகழ்ந்தது. 2018 மே 20 அன்று பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனை விதிகள் திருத்தப்பட்டன. சுற்றுச்சூழலுக்கோ மற்றவர் பாதுகாப்புக்கோ கேடு தரும் அளவுக்குத் திரவம் கசிந்தால் வண்டி தேறாது என்பது புதிய விதிகளில் ஒன்று. அதே நாளில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத நாற்பது வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு அந்தச் சோதனையிலிருந்தே விலக்கும் அளிக்கப்பட்டது. கசிவுக்கு எதிரான விதி வந்த அன்றே, கசிவுக்குப் பேர்போன கார்கள் அதன் கைக்கு எட்டாமல் போயின. ஆகவே பழைய டிரையம்ஃப்பின் அடியில் குனிந்து பார்க்கும் பொறுப்பு இன்றும் 1953இல் இருந்த அதே ஆளிடம், அதன் உரிமையாளரிடம் இருக்கிறது.

எதிர்மரையின் கதை அருங்காட்சியகத்தில் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பர் உதட்டின் இடத்தை இப்போது பல எஞ்சின்களில் டெஃப்லான் என்று நாம் அறிந்த பொருளால் ஆன சீல்கள் பிடித்துவருகின்றன. வேகத்தையும் சூட்டையும் அவை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். அந்த டெஃப்லான் உதட்டைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் மெல்லிய சுருள் கோடு ஒன்று வெட்டியிருப்பதைக் காணலாம். வெளியே வரும் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புவதற்கான மரை. கோவென்ட்ரியில் எஃகில் வெட்டிய அதே யோசனை, இப்போது நிற்கும்போதும் கைவிடாத ஓர் உதட்டின் மேல்.